சாரல் மாதத்தில் ஒரு காய்ந்த துண்டு

“வீட்டுல பேய் இருக்குங்கியா, ஏசி கெட்டுப் போச்சுங்கியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு தாயி. பேய்னா எனக்கு ஒரு ஆளைத் தெரியும். ஏசின்னா மெக்கானிக்கைப் பாரு.”

துப்பறியும் தாணுமாலயன் இதைச் சொல்லிக்கொண்டே தன் சாக்ஸைப் பிழிந்தார். ஜூலை மாதம். இருபது நாளாக விடாத சாரல். தென்காசியில் பரோட்டாக் கடை ஒன்றின் மாடியில் இருந்த அவருடைய அலுவலகத்தில், மின்விசிறிக்குக் கீழே மூன்று ஜோடி சாக்ஸ், இரண்டு பனியன், ஒரு விவாகரத்து வழக்கின் ஃபைல் எல்லாம் ஒரே கொடியில் தொங்கின. எதுவும் காய்வதாக இல்லை. குற்றாலச் சாரலைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் யாரும் அந்த மாதத்தில் ஒரு பனியனைக் காயவைத்துப் பார்த்ததில்லை என்பது என் கருத்து.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் சஃப்ரின். வயது இருபத்தாறு. வீடுகளுக்கு ஏசி திட்டம் போட்டுக் கொடுக்கும் என்ஜினியர். மடியில் பிளாஸ்டிக் உறை போட்டுச் சுருட்டிய வரைபடம் ஒன்றைக் கைக்குழந்தையைப் போல வைத்திருந்தாள்.

“பேயும் இல்ல சார், ரிப்பேரும் இல்ல. எல்லாம் சரியா இருக்கு. ஆனா வேலை செய்யல.”

“அப்ப எங்க அண்ணாச்சி மாதிரிதான்” என்றாள் மாரிச்செல்வி.

மாரிச்செல்வி தாணுமாலயனின் உதவியாளர். டைப் அடிப்பது, ஸ்கூட்டர் ஓட்டுவது, முதலாளியைக் கேவலப்படுத்துவது மூன்றும் அவள் பொறுப்பு. மூன்றாவதில் மட்டும் அவள் லீவு எடுத்ததே கிடையாது.

சஃப்ரின் வரைபடத்தை மேஜையில் விரித்தாள். குத்துக்கல்வலசையில் மசூது பாய் கட்டியிருக்கும் புது வீடு. மனுசன் முப்பது வருடம் சவூதியில், தம்மாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அறைக்கு ஒரு பெட்டி என்று ஊர் உலகம் மாட்டுகிற ஏசி தனக்கு வேண்டாம் என்றார். அதனால் வெளியே ஒரே ஒரு பெரிய மெஷின், கூரைக்கு அடியில் மறைவாகக் காற்றுக் குழாய்கள், வீடு நாலு ஜோன்.

“ஹால் ஒரு ஜோன். மசூது மாமாவும் மாமியும் படுக்குற ரூம் ரெண்டாவது. மாடில விருந்தாளி ரூம் மூணாவது. மாமாவோட ஆபீஸ் ரூம் நாலாவது. ஒவ்வொரு குழாய்லயும் ஒரு சின்னக் கதவு இருக்கும். எந்த ரூம் கேக்குதோ அந்தக் கதவு மட்டும் திறக்கும். கேக்குறதுக்கு ஒவ்வொரு சுவத்துலயும் ஒரு தெர்மோஸ்டாட். குளிரும் கேக்கலாம், சூடும் கேக்கலாம்.”

“சூடா? தென்காசிலயா?”

“சாரல் காலத்துக்கு வேணும்னு மாமா கேட்டாங்க சார்.”

“நாலு ரூமுக்கு நாலு சீதோஷ்ணம்” என்றாள் மாரிச்செல்வி. “ஹால்லேருந்து மாடிக்குப் போகணும்னா வானிலை அறிக்கை கேட்டுட்டுத்தான் போகணும் போல.”

சஃப்ரின் சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வரும் நாளும் இல்லை அது. வீடு குடிபுகுந்து ஒரு மாதம் ஆகிறது. பதினைந்து நாளாக இரண்டு புகார். ஒன்று, மெஷின் ஓயாமல் ஓடுகிறது. இரண்டு, மசூது பாய் மூன்று மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து ஹாலில் உட்கார்ந்தால் குளிர்ச்சியே இல்லை. ஹால் ஜன்னல்கள் திறக்க முடியாத கண்ணாடி. போன வாரம் தம்மாம் கூட்டாளிகள் நாலு பேரைக் கூட்டிவந்து பெருமையாக உட்காரவைத்தார். நாலு பேரும் வியர்த்து வழிந்து, சஃப்ரின் போட்ட வரைபடத்தின் நகலை மடித்தே விசிறிக்கொண்டார்கள். நாலு முறை சஃப்ரின் வந்து பார்த்தாள். கம்பெனி வேலை முடிந்து அவள் வர ஆறு மணியாகும். அப்போதெல்லாம் ஹால் குளுகுளு என்று இருக்கும்.

“இன்னைக்கு நாலு மணிக்கு அஞ்சு பெட்டி ஏசி லோடு ஆட்டோல வருது சார். கூரையைப் பிரிச்சு என் குழாய் பூராத்தையும் எடுக்கப் போறாங்க. எடுத்தா என்னையும் எடுத்துருவேன்னு எங்க ஓனர் சொல்லிட்டாரு. ரெண்டு வருசம் கடை கவுன்டர்ல நின்னு ரிமோட்டுக்கு உறை வித்தேன். மூலையில என் பேர் போட்ட முதல் பிளான் இது.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “திரும்ப அந்தக் கவுன்டருக்குப் போக மாட்டேன் சார். அதுக்கு நான் படிக்காமலே இருந்திருக்கலாம்.”

தாணுமாலயன் பிழிந்த சாக்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அவருக்குக் கண்ணீரைக் கண்டால் ஆகாது. சாக்ஸைத் தவிர வேறு எதுவும் ஈரமாக இருப்பது அவருக்குப் பிடிக்காது.

“செல்வி, வண்டிய எடு.”

*

தாணுமாலயன் துப்பறிய வருவதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படித்தவர். வாசலில் நிற்கிறவர்கள் என்ன பொய் சொன்னாலும் மீட்டர் ஒரு பொய்யும் சொல்லாது என்பது அவர் வாழ்க்கையில் கண்ட ஒரே உண்மை. அதை வைத்துத்தான் தொழில் நடத்துகிறார்.

பதினொன்றே முக்காலுக்கு மூன்று பேரும் சொட்டச் சொட்ட அந்த வீட்டு வாசலில் இறங்கினார்கள். வீடு அழகாகத்தான் இருந்தது. முகப்பு முழுக்கக் கண்ணாடி, மொட்டை மாடியில் கம்பிக் கிராதி, ஒரு கயிறு கிடையாது, ஒரு ஆணி கிடையாது.

மசூது பாய் வீட்டில் இல்லை. தினமும் பதினொன்றரைக்குக் கிளம்பிப் பள்ளிவாசல், அப்புறம் இலஞ்சியில் புதிதாக வாங்கிய தென்னந்தோப்பு, திரும்ப மூன்று மூன்றரை ஆகும். கதவைத் திறந்தது அவர் மனைவி ரஹ்மத்துன்னிசா.

“வாங்க, வாங்க. இந்தச் சாரல்ல இப்படியா வருவிய? முதல்ல தலையத் துவட்டுங்க.”

ஆளுக்கொரு துண்டு வந்தது. பிறகு டீயும் ஒரு தட்டு முறுக்கும் வந்தன. தாணுமாலயன் தலையைத் துவட்டினார். நிறுத்தினார். துண்டை முகர்ந்தார். பிறகு ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

கடக்.

அந்தச் சத்தம் ஹால் முழுவதும் கேட்டது. தாணுமாலயன் மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“என்ன அண்ணாச்சி, பல்லு போயிட்டா?” என்றாள் மாரிச்செல்வி.

“இல்ல. கேஸ் பாதி முடிஞ்சிட்டு.” அவர் அந்தத் துண்டை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். ரஹ்மத்துன்னிசா அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. விருந்தாளி துண்டைத் திருடினால் கேட்பது மரியாதை இல்லை.

“மெஷின் ஓயாம ஓடுதுன்னு சொன்னியளே, முதல்ல அதைப் பாப்போம். மேல யாரு இருக்கா?” என்றார் தாணுமாலயன்.

“துல்கர்னைன் அண்ணன் இருக்காவ. எங்க நாத்தனாரோட மாப்பிள்ள. மேலப்பாளையம். சீசனுக்கு வந்திருக்காவ.” ரஹ்மத்துன்னிசா குரலைத் தாழ்த்தினாள். “ரெண்டு நாளைக்குன்னு வந்தாவ.”

“வந்து எத்தன நாளாச்சு?”

“பதினெட்டு.”

குற்றாலத்தைச் சுற்றி வீடு கட்டுகிறவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சொந்தக்காரர்கள் அதிகம். அதிலும் தங்கை புருசன் என்றால் கேட்கவே வேண்டாம். அவரைப் ‘போங்க’ என்று சொல்லும் வார்த்தை அந்த ஊரில் யார் வாயிலும் இல்லை.

*

மாடி விருந்தாளி அறையில் துல்கர்னைன் மூக்குவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடந்தார். தண்ணீர் அதிகம் என்று அருவிகளில் அன்று குளிக்கத் தடை. இல்லாவிட்டால் காலை எட்டு மணிக்கு ஐந்தருவிக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்புகிறவர் அவர். ஜன்னல் அகலத் திறந்திருந்தது. சாரல் நேராக உள்ளே வந்து, ஜன்னல் கம்பியிலிருந்து அலமாரிக் கைப்பிடிவரை கட்டியிருந்த கயிற்றில் தொங்கிய நாலு லுங்கி, மூன்று சட்டை, இரண்டு துண்டு எல்லாவற்றையும் சீராக நனைத்துக்கொண்டிருந்தது.

சஃப்ரின் சுவரைப் பார்த்தாள். தெர்மோஸ்டாட்டில் 16 என்றிருந்தது.

“பதினாறுல போட்டுட்டு ஜன்னலத் தொறந்து வச்சிருக்கீங்களே சார்! மெஷின் செங்கோட்டை வரைக்கும்ல குளிர வைக்கப் பாக்கும்!”

“நானாம்மா போட்டேன்? எனக்கு அதுல கை வைக்கத் தெரியாது. நம்பர் கேக்குது. காலைல எந்திரிச்சா வெறைச்சுப் போயிருக்கேன். அதான் கொஞ்சம் சூடு வரட்டும்னு ஜன்னலத் தொறந்தேன்.”

“குளிருதுன்னு சொல்ல வேண்டியதுதான?” என்றார் தாணுமாலயன்.

“மச்சினன் புது வீடு கட்டி, ஆசையா ஏசி போட்டுக் கொடுக்கான். அதைக் குறை சொல்லலாமா? இன்னைக்கு மத்தியானமாவது கொஞ்சம் உசிரு வரும். பன்னெண்டு மணிக்கு மேல அந்தக் காத்து நிக்கும்னு இந்த வீட்டுப் புள்ளையே சொன்னா.”

“யாரு? ரஹ்மத்துன்னிசா அக்காவா?”

“ஆமா. வெவரமான புள்ள.”

தாணுமாலயன் மாரிச்செல்வியைப் பார்த்தார். மாரிச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியிலிருந்து பக்கத்து அறைக் கதவுவரை தண்ணீர்ச் சொட்டு வரிசையாகப் போயிருந்தது. அது நாலாவது ஜோன், மசூது பாயின் ஆபீஸ் அறை. கதவு பூட்டியிருந்தது.

“சாவி அவியகிட்டதான் இருக்கு” என்றாள் பின்னால் வந்து நின்ற ரஹ்மத்துன்னிசா. “அந்த ரூமுக்குள்ள யாரும் போகப்படாதுன்னு சொல்லியிருக்காவ.”

“அக்கா, இந்தச் சொட்டு?” என்றாள் மாரிச்செல்வி.

“ஒங்க குடைலருந்து விழுந்திருக்கும்.”

அவர்களுடைய குடை கீழே வாசலில் இருந்தது.

*

வீட்டின் பக்கவாட்டில், மதிலுக்கும் சுவருக்கும் நடுவே பெரிய மெஷின் நின்றது. அதன் காற்று வரும் பக்கத்தில், சன்ஷேடுக்குக் கீழே, ஒரு கறுப்பு ஆடு சொகுசாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஒரே குடைக்குள் மூன்று பேரும் நெருக்கியடித்து நின்று அதைப் பார்த்தார்கள்.

“அண்ணாச்சி, ஆட்டை விசாரிக்கப் போறியளா? வக்கீலைக் கூப்பிடட்டுமா?”

“பேசாம நில்லு. மணி என்ன?”

“பன்னெண்டு அஞ்சு.”

ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெஷின் ஒரு முறை பெருமூச்சு விட்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஓடத் தொடங்கியது. ஆடு காதை ஆட்டியது. மூக்கைச் சுளித்தது. எழுந்து நின்று, மெஷினை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாரலிலேயே நடந்து போய்விட்டது.

சஃப்ரின் குடையை விட்டு வெளியே ஓடிப்போய் மெஷினின் முன்னால் கையை நீட்டினாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“சில்லுன்னு இருக்கு சார்!”

“அதுக்கு என்ன அர்த்தம்?”

“வீட்டுக்குள்ள குளிர் கொடுத்தா உள்ள இருக்குற சூட்டை மெஷின் வெளிய தள்ளும். அதான் ஆடு இங்கன படுத்திருக்கு. வீட்டுக்குள்ள சூடு கொடுத்தா வெளிய குளிர்ந்த காத்து வரும். ஒரே மெஷின் ஒரே நேரத்துல ரெண்டையும் செய்யாது. எவனோ... யாரோ ஒரு ரூம்ல இப்ப சூடு கேட்டிருக்காங்க! அது முடியுற வரைக்கும் ஹாலுக்குக் குளிர்ச்சி கிடைக்காது!” அவள் முகத்தில் முதல் முறையாக வெளிச்சம் வந்தது. “என் பிளான் சரிதான் சார்!”

“சரிதான். ஆனா அதை நாலு மணிக்குள்ள ஒங்க மாமாகிட்ட நிரூபிக்கணும். ஆட்டைக் கூட்டிட்டுப் போய்ச் சாட்சி சொல்ல வைக்க முடியாது. செல்வி, நீ பின்வாசலைப் பாரு. நான் ஹால்ல உக்காருதேன்.”

“அங்கன போய் என்ன செய்யப் போறிய?”

“முறுக்கு திங்கப் போறேன்.”

மெஷினை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, சொன்னபடியே செய்தார். ஹாலில் மாடிப்படி தொடங்கும் இடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு மணியிலிருந்து மூன்றே முக்கால்வரை அசையாமல் முறுக்குத் தின்றார். ரஹ்மத்துன்னிசா மூன்று முறை வந்து, “சாப்பாட்டு ரூம்ல வசதியா உக்காரலாமே” என்றாள். நான்காம் முறை அவள் குரலில் அழுகை இருந்தது. மனுசன் எழுந்திருக்கவில்லை. ஒரு தட்டு முறுக்கு, இரண்டாவது தட்டு முறுக்கு. ஹாலில் புழுக்கம் ஏறி அவர் சட்டை நனைந்தது. பாவம், வந்தபிறகு அவர் உடம்பில் காய்ந்திருந்த ஒரே துணி அதுதான்.

இடையில் மாரிச்செல்வி வந்து காதோடு சொன்னாள். “அண்ணாச்சி, நீங்க இங்கன வந்து உக்காருததுக்கு முன்னாடி பின்வாசல் வழியா மூணு பொம்பளைங்க கூடையோட வந்தாங்க. மூடி போட்ட கூடை. பக்கத்து வீட்டு பாஹிமாவும் அதுல உண்டு. ‘கிண்ணம் திருப்பிக் கொடுக்க வந்தேன்’னா. கிண்ணத்துலருந்து தண்ணி சொட்டுமா? போகும்போது கூடை காத்து மாதிரி லேசா இருக்கு. இப்ப மூணு பேரும் திரும்ப வந்து அடுப்படில நிக்காங்க. கையப் பிசையுதாங்க.”

“நிக்கட்டும். இன்னொரு முறுக்கு எடுத்துக்கோ.”

*

மசூது பாய் வந்தபோது லோடு ஆட்டோவும் கூடவே வந்தது. ஐம்பத்தெட்டு வயது, வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசனை. ஹாலுக்குள் கால் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

“பாத்தியா சஃப்ரின்? வெந்நீர் அண்டால இறங்குன மாதிரி இருக்கு. போதும்மா. ஏணியக் கொண்டாரச் சொல்லிட்டேன். இவுங்க யாரு?”

“துப்பறிய வந்தோம் பாய்” என்றார் தாணுமாலயன். “அஞ்சு நிமிசம் கொடுங்க. அப்புறம் கூரையைப் பிரிச்சாலும் சரி, என்னையப் பிரிச்சாலும் சரி.”

“துப்பா? இதுல என்ன துப்பு? மேல இருக்காரே எங்க மச்சான், அவர்தான் எதையாவது நோண்டியிருப்பாரு.”

கம்பளியோடு படியிறங்கி வந்துகொண்டிருந்த துல்கர்னைன் பாதிப் படியில் நின்றுவிட்டார். அவர் முகம் வாடியது. தாணுமாலயன் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பிழிந்தார். பளபளக்கும் டைல்ஸில் கால் லிட்டர் தண்ணீர் விழுந்தது.

“இவர் குற்றவாளி இல்ல. இந்த வீட்டுல சூடு எங்க இருக்கோ அங்க இவர் துணி போகல. இப்ப இதைப் பாருங்க.” பையிலிருந்து காலையில் எடுத்த துண்டை உதறினார். அது மொடமொடவென்று அப்பளம் மாதிரி விரிந்தது. “பாய், இருபது நாளாச் சூரியன் தலை காட்டல. தென்காசில இன்னைக்கு இப்படி ஒரு துண்டு யார் வீட்டுலயும் கிடையாது. என் வீட்டுல எல்லாத் துண்டும் நாய் நாத்தம் நாறுது. இந்த மாசம் முறுக்கு சுட்டா டப்பால போடும்போதே நமுத்துப் போவும். இந்த வீட்டு முறுக்கு தெரு முனை வரைக்கும் சத்தம் கேக்குது. இங்கன எங்கேயோ ஒரு மே மாசம் ஒளிஞ்சிருக்கு. அது ஒங்க ஆபீஸ் ரூம். சாவியக் கொடுங்க.”

“என் ரூமா? அதுக்குள்ள யாரு போவா?”

எல்லோரும் மாடி ஏறினார்கள். அடுப்படியில் நின்ற மூன்று பெண்களும் ஏறினார்கள். மசூது பாய் பூட்டைத் திறந்தார்.

உள்ளேயிருந்து அடித்த அனலில் அவர் மூக்குக் கண்ணாடி பனி படர்ந்துபோனது. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சுவருக்குச் சுவர் ஏழு கயிறு. பள்ளிக்கூட யூனிஃபார்ம் மட்டும் முப்பது இருக்கும். புர்கா, போர்வை, தொட்டில் சேலை, யாரோ ஒரு புதுமாப்பிள்ளையின் ஷெர்வானி. மேஜைமேல் பழைய துணியை விரித்து வடகம் பிழிந்திருந்தது. கம்ப்யூட்டர் விசைப்பலகைமேல் மிளகாய் வற்றல். அவரும் அவருடைய அரபி முதலாளியும் கை குலுக்கிக்கொண்டு நிற்கும் பெரிய படத்தின் ஒரு முனையில் பாஹிமா வீட்டுக்காரர் பனியன் தொங்கியது. முதலாளியின் முகம் அதற்குள் இருந்தது.

தெர்மோஸ்டாட்டில் 30 என்றிருந்தது.

“ரஹ்மத்து!” என்றார் மசூது பாய்.

“தினமும் மூணு மணிக்குள்ள எல்லாத்தையும் எடுத்துட்டு, மெஷினையும் பழையபடி வச்சிருவாங்க” என்றார் தாணுமாலயன். “மெஷின் மாறி ஓடி ஹால் குளிர அஞ்சு மணி ஆகும். இன்னைக்கு எடுக்க முடியல. நான் மாடிப்படியை மறிச்சு உக்காந்துட்டேன்.”

“பூட்டுன ரூம்ல எப்படி...”

“கட்டுனவரு ரெண்டு சாவி கொடுத்தாரு” என்றாள் ரஹ்மத்துன்னிசா. “ஒண்ணு ஒங்ககிட்ட. ஒண்ணு அரிசிப் பானைல.”

“சரி, மெஷினுக்கு ரகசிய நம்பர் போட்டு வச்சிருந்தேனே!”

“எந்த நம்பரு? தம்மாம்லருந்து கொண்டு வருவியளே, அந்தப் பெட்டி பூட்டு நம்பர்தான? முப்பது வருசமா அதே நம்பரு. நீங்க குளிக்கப் போனதும் அந்தப் பெட்டியத் தொறந்து சாக்லேட் எடுக்காத புள்ள நம்ம சொந்தத்துல உண்டா?”

துல்கர்னைன் தலையைச் சொறிந்தார். “எனக்கும் தெரியும் அந்த நம்பரு. இதுக்கும் அதுதான்னு தெரியாமப் போச்சே.”

மசூது பாய் கயிறுகளைக் காட்டிக் கத்தினார். “இது வீடா, சலவைக் கடையா? மொட்டை மாடில ஒரு கொடி கட்டுனா முகப்பு அசிங்கமாயிரும்னு எத்தன தடவை சொன்னேன்?”

“சொன்னிய. கட்டலையே! அப்ப துணியை எங்க போடுவேன்?” ரஹ்மத்துன்னிசாவின் கண் நிறைந்துவிட்டது. “நாலு ரூமுக்கு நாலு குளிர் திட்டம் போட்டிய. ஒரு ஈரத் துண்டைப் போட இடம் விடல. பிளானை விரிச்சு வச்சு ரெண்டு மாசம் பேசுனிய, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா? பாஹிமா மவன் ஈர யூனிஃபார்மோட பள்ளிக்கூடம் போய்க் காய்ச்சல்ல விழுந்தான். எனக்கு மனசு கேக்கல. சூடு சும்மாதான கெடக்குன்னு தொறந்தேன்.”

சஃப்ரின் மெல்ல முன்னால் வந்தாள்.

“மாமி, கேக்காதது என் தப்பு. வீட்டுல துணி எங்க காயும்னு நான் கேட்டிருக்கணும். மாமாகிட்ட மட்டும்தான் எல்லாத்தையும் கேட்டேன். நானும் பொம்பளைதான். எனக்கே தோணலை.”

மசூது பாய்க்கு அந்த இடத்தில் கொஞ்சம் பிடிமானம் கிடைத்தது. “பாத்தியளா? ஆக மொத்தத்துல மெஷின் ஓயாம ஓடுனதுக்கும், ஹால் புழுங்குனதுக்கும் இவதான் காரணம்.”

“ஹால் புழுங்குனதுக்கு அக்கா காரணம்” என்றார் தாணுமாலயன். “மெஷின் ஓயாம ஓடுனதுக்கு இல்ல. அது வேற கேஸ். செல்வி, விருந்தாளி ரூம்ல எத்தனைல போட்டிருந்து?”

“பதினாறு. ஐஸ் ஃபேக்டரி மாதிரி.”

“மச்சானுக்கு அந்த மெஷின்ல கை வைக்கத் தெரியாது. அக்காவுக்குக் குளிர் தேவையில்ல, சூடுதான் வேணும். மச்சான் வந்த பெறவு சஃப்ரின் அந்த ரூமுக்குள்ள இன்னைக்குத்தான் போச்சு. மிச்சம் இருக்கதுல நம்பர் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான். பாய், விடியக்காலைல சுபுஹு தொழுகைக்கு எந்திரிக்கும்போது மச்சான் ரூம் பக்கம் எதுக்குப் போறிய?”

மசூது பாய் ஷெர்வானிக்குப் பின்னால் நகர்ந்தார். எல்லோரும் அந்த ஷெர்வானியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பதினெட்டு நாளாச்சு” என்றது ஷெர்வானி. “வாயால சொல்ல முடியுமா? தங்கச்சி என்ன நினைப்பா? அதான்... குளிர் தாங்காம அவராக் கெளம்புவாருன்னு...”

துல்கர்னைன் கம்பளியைக் கீழே போட்டார். ஆனால் மனுசன் கோபப்படவில்லை. அப்படியே வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“ஏ மசூது! நான் வந்த மறுநாளே கெளம்பணும்னுதான் இருந்தேன். துணி காயலடே! ஈரத் துணியப் பைல கட்டுனா மேலப்பாளையம் போறதுக்குள்ள பூசணம் பூத்திரும், ஒன் தங்கச்சி என்னை வாசல்லயே நிறுத்திருவா. காயட்டும், காயட்டும்னு இருந்தேன். நீ குளிர வச்ச, நான் ஜன்னலத் தொறந்தேன். ஜன்னலத் தொறந்தேன், சாரல் உள்ள வந்துட்டு. சும்மா இருக்கோமேன்னு தினமும் அருவிக்குப் போனேன், இன்னொரு லுங்கி நனைஞ்சிட்டு. என்னை இங்கன புடிச்சு வச்சிருக்கதே நீதான்டே!”

“அடுத்த ரூம்லயே முப்பது டிகிரி” என்றாள் மாரிச்செல்வி. “நடுவுல ஒரே ஒரு சுவர்.”

“அண்ணன் துணியையும் போட்டிருப்பேன்” என்றாள் ரஹ்மத்துன்னிசா. “அண்ணன் அவியகிட்டச் சொல்லிட்டா என்ன செய்யன்னு பயந்துட்டேன்.”

தாணுமாலயன் மசூது பாயின் பக்கம் திரும்பினார். “இந்தப் புள்ள போட்ட பிளான்ல ஒரு குறையும் இல்ல பாய். ஆளுக்கொரு ரகசியமா ஆளுக்கொண்ணு கேட்டிய. கேட்டதை எல்லாம் அது ஒழுங்காக் கொடுத்துட்டு. கீழ ஆட்டோ நிக்குது.”

மசூது பாய் கொஞ்ச நேரம் அரபி முதலாளியின் முகத்தை மூடியிருந்த பனியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலைத் திறந்து கீழே குரல் கொடுத்தார். “பெட்டி வேண்டாம், திருப்பிக் கொண்டு போங்க! கூலியை வாங்கிட்டுப் போங்க!”

சஃப்ரின் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாரிச்செல்வி கயிற்றில் கிடந்த காய்ந்த கைக்குட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

*

ஒரு மணி நேரத்தில் துல்கர்னைனின் நாலு லுங்கியும் மூன்று சட்டையும் மொடமொடவென்று காய்ந்துவிட்டன. ரஹ்மத்துன்னிசா மடித்துக் கொடுத்தாள். கூடவே ஒரு டப்பா முறுக்கு. சாப்பாட்டு மேஜையில் சஃப்ரின் வரைபடத்தை விரித்து, மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமான் அறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். அஞ்சாவது ஜோன், துணி காயும் அறை. “இங்கன எத்தன கயிறு வேணும் மாமி?” என்று அவள் கேட்க, ரஹ்மத்துன்னிசா பென்சிலைத் தானே வாங்கிக்கொண்டாள். கயிறு எத்தனை, ஜன்னல் எந்தப் பக்கம், வடகத்துக்குத் தட்டு எந்த உயரத்தில் என்று அவள் வரைய வரைய, பாஹிமா பின்னால் நின்று, “எங்க வீட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுத் தாம்மா” என்றாள். மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். சஃப்ரினின் ஓனர் போனில் அழைத்தார். அவள் எடுக்கவில்லை, கை வேலையாக இருந்தது.

துல்கர்னைன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மசூது பாயும் கூடவே வந்தார். மனுசனுக்கு மனசு குத்தியது. பதினெட்டு நாள் ஒரு மனிதனை விறைக்க வைத்திருக்கிறோம், அவரோ சிரித்துக்கொண்டு போகிறார். வாசற்படியில் விடைபெறும்போது நம் ஊரில் யாரும் சொல்கிற அதே வார்த்தை அவர் வாயிலிருந்தும் தானாக வந்து விழுந்தது.

“என்ன மச்சான் அவசரம்? இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே.”

ரஹ்மத்துன்னிசா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

துல்கர்னைன் சாரலைப் பார்த்தார். கையிலிருந்த பையைப் பார்த்தார். “நீ இம்புட்டுப் பிரியமாச் சொல்லும்போது...” என்று பையைக் கீழே வைத்தார். “அதுவும் இப்ப துணியும் காயுது. நாளைக்கு அருவில தண்ணி குறைஞ்சிரும்.”

அவர் உள்ளே போய் டீ கேட்டார். மசூது பாய் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு யாரும் பார்க்காதபோது பைய மாடி ஏறி, விருந்தாளி அறைச் சுவரில் அந்த நாலு எண்ணை அமுக்கினார்.

பீப் என்றது. திறக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை அமுக்கினார்.

பீப்.

“நம்பர மாத்தியாச்சு” என்று கீழேயிருந்து ரஹ்மத்துன்னிசாவின் குரல் கேட்டது. “அண்ணனுக்கு எத்தனை டிகிரி வேணும்னு கேட்டுட்டு வாங்க. நான் வச்சுக் கொடுக்குதேன்.”